கல்லுக்குப் பின்னால் ஊத்தை

சனிக்கிழமை பின்னேரம் றிபாஸ் சொன்ன ஒரு விசயத்தை முஸ்பிறா செவ்வாய்க்கிழமை வரை வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குசினியைக் கூட்டினாள், கூட்டிய குசினியை மறுபடியும் கூட்டினாள். யன்னல் சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். மாரி மழையில் அவை மூன்று நாளாகக் காயாமல் விறாந்தையில் தொங்கின. அதற்கும் மழையைத்தான் ஏசினாள்.

கட்டாரிலிருந்து புருசன் சொன்னது இதுதான்: "கம்பனில கேக்குறாங்க, இன்னும் ரெண்டு வருசத்துக்கு எக்ரிமென்ட் போடுறதா இல்லையாண்டு. வியாழக்கிழமை பகலைக்குள்ள சொல்லணுமாம். நீ என்ன சொல்ற? அந்தப் பம்ப்ப கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, கல்லுக்குப் பின்னால ஊத்தை சேருது."

இரண்டு வருட வாழ்க்கையையும் ஒரு பம்ப்பையும் ஒரே மூச்சில் கேட்கிற மனிசனுக்கு என்ன பதில் சொல்வது? முஸ்பிறா மீன் தொட்டியின் பம்ப்பை இடப்பக்கம் திருப்பினாள். "உங்கட விருப்பம்" என்றாள். அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு சொல்லுக்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேண்டாம், வந்துவிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் அவனைப் போகச் சொன்னதே அவள்தான். கொழும்பில் அவன் வேலை செய்த அலங்கார மீன் ஏற்றுமதி இடம் மூடப்பட்டு, றிபாஸ் நாலு மாதம் வீட்டில் இருந்தபோது, ஒருநாள் இரண்டு பக்க உம்மாமாரும் பார்த்திருக்க, "இப்பிடியே குந்திக்கிட்டிருந்து என்னத்தச் செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டான். கலியாணம் முடித்து இருவரும் ஒன்றாக இருந்தது மொத்தம் பதினொரு மாதம். பிரிந்து இருந்தது இரண்டு வருடம். போகச் சொன்ன அதே வாயால் வரச் சொல்ல ரோசம் விடவில்லை. முஸ்பிறாவின் ரோசம் மருதமுனை முழுக்கப் பிரசித்தம்.

இனி அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சாய்ந்தமருதிலிருந்து இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது றிபாஸ் கொண்டுவந்தவை இரண்டு: ஒரு சூட்கேஸ், இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. வீடு முஸ்பிறாவுடையது. அவளுடைய உம்மாவும் வாப்பாவும் பின் வளவில் சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டில், அலுமாரி, கதிரை, சட்டி பானை எல்லாம் அவளுக்கென்று வாப்பா வாங்கிப் போட்டவை. அந்த வீட்டில் இது என்னுடையது என்று றிபாஸ் கைவைத்துச் சொல்லக்கூடிய ஒரே சாமான் அந்தத் தொட்டி. முன் ஹோலில் கண்ணாடிக் கோப்பை அடுக்கிய ஷோகேஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்தான். உம்மா ஸுலைஹாவுக்கு அந்த ஷோகேஸ் தள்ளப்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

கடல் தண்ணீர்த் தொட்டி. வெள்ளை மணல், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைத்த கற்கள், கொழும்புக் கடையில் வளர்த்து விற்ற மூன்று மென்பவளம், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட சோடி மீன், ஒரு இறால். பெரிய மீன் பெட்டை, சின்னது ஆண் என்று றிபாஸ் சொல்லியிருந்தான். சின்னது எந்நேரமும் பெரிதின் வாலைப் பிடித்துக்கொண்டு திரியும். அதைப் பார்க்கும்போது முஸ்பிறாவுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும். இந்தக் கிழமை எரிச்சல்தான்.

கட்டாரிலும் அவனுக்கு இதே வேலைதான். பெரிய பெரிய வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிற தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கிற கம்பனி. ஊரார் தொட்டியெல்லாம் அவன் கையால் பளபளக்க, அவனுடைய சொந்தத் தொட்டியை அவள் கழுவுகிறாள். மீன் தின்றதில் மிஞ்சினது, மீன் கழித்தது, செத்த பாசி எல்லாம் சேர்ந்து மண்டியாகப் படிகிறதற்கு அவன் நீளமாக ஒரு இங்கிலீசுப் பெயர் சொல்வான். முஸ்பிறா அதை ஊத்தை என்றாள். கொஞ்ச நாளில் அவனும் ஊத்தை என்றே சொல்லப் பழகிவிட்டான். விட்டால் அது அழுகித் தண்ணீரை நஞ்சாக்கிவிடும். அதனால் கிழமைக்கு ஒருதரம் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி, உப்புத் தண்ணீர் நாக்கில் பட்டதும் வாளிக்குள் விடவேண்டும். ஊத்தையோடு இரண்டு வாளி தண்ணீர் போகும். அதற்குப் பதிலாக இரண்டு வாளி புதுக் கடல் தண்ணீர் ஊற்றவேண்டும். ஆழத்திலிருந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து தருவது தோணிக்காரர் கச்சிமுகம்மது சாச்சா.

தினமும் பின்னேரம் நாலரைக்கு, அங்கே பகல் ஓய்வு நேரத்தில், றிபாஸ் எடுப்பான். முஸ்பிறா கதிரையில் சீனி டின்னை வைத்து, அதில் போனைச் சாய்த்துத் தொட்டியைக் காட்டுவாள். "அந்த மூலையக் காட்டு." "மேல காட்டு." "அந்தப் பூ ஏன் சுருங்கிக் கிடக்கு?" பவளம் ஏன் சுருங்கியது என்று கேட்பான், பெண்டாட்டி ஏன் சுருங்கிப் போயிருக்கிறாள் என்று கேட்கமாட்டான். கேட்க வழியுமில்லை. போன் தொட்டியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் முகம் அதில் விழுந்து எத்தனையோ நாள்.

"அவரு உன்னக் கட்டினாரா, தொட்டியக் கட்டினாரா?" என்று ஸுலைஹா கேட்டாள்.

"சும்மா இருங்க உம்மா" என்று முஸ்பிறா பாய்ந்தாள். அதே கேள்விதான் அவளுக்குள்ளும் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பதினெட்டு நாளாகப் புதுத் தண்ணீர் இல்லை. கல்லுக்குப் பின்னால் ஊத்தை ஒரு விரல் கனத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. அதைச் சாட்டாக வைத்துத்தான் போனாள். உண்மையில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

தோணிகளெல்லாம் மேட்டில் இழுத்துப் போடப்பட்டுக் கிடந்தன. மீன்வாடிக்குள் நாலு பேர் கரம்போர்ட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கச்சிமுகம்மது சிவப்புக் காயைக் குறிவைத்தபடியே அவளைக் கண்டார்.

"மகள், நான் கடலுக்குப் போய் இண்டைக்குப் பதினெட்டு நாள். எங்கட வீட்டுலயே கருவாடு. உன்ட மீனுக்கு நான் எங்க தண்ணிக்குப் போற?"

"கரைத் தண்ணி எடுத்தாக் காணாதா சாச்சா?"

"மீன மௌத்தாக்கிராத புள்ள!" அவர் சுண்டிய காய் தவறிவிட்டது. "வெள்ளம் வடிய முகத்துவாரத்த வெட்டி விட்டிரிக்காங்க. வயல் மருந்து, சேறு, ஊர்க் குப்ப எல்லாம் இதுக்குள்ளதான் வருது. பாரு நிறத்த."

பார்த்தாள். கரையோரம் கடல் பால் குறைந்த தேத்தண்ணி நிறத்தில் புரண்டது. நல்ல தண்ணீர் அதற்கு அப்பால் எங்கோ பச்சைக் கோடாகத் தெரிந்தது. தோணியில்லாமல் அங்கே யார் போவது?

"வெள்ளிக்கிழமைக்குப் புறகு போகலாம் போல இரிக்கி. ரெண்டு கேன் கொண்டாறன்" என்றவர், அடுத்த காயைக் குறிபார்த்தபடி, "மருமகன் எப்ப வாற?" என்று கேட்டார்.

"தெரியா சாச்சா."

"உனக்குத் தெரியாண்டா வேற யாருக்குத் தெரியும்?"

மனிசன் சும்மா கேட்டதுதான். ஆனால் வீடு வரும்வரை அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

நாலரைக்குப் போன் வந்தது. தண்ணீர் கிடைக்காத கதையைச் சொன்னாள். றிபாஸ் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப ஒரு வேல செய். ஊத்தையக் குழாயால வாளிக்கு எடு. எடுத்த தண்ணிய வீசிராத. துணில வடிச்சுத் திரும்ப அதையே ஊத்து. சாறன் துணி நல்லம். அலுமாரில என்ட பழைய சாறன் ஒண்டு இரிக்குமே, நீலக் கட்டம் போட்டது. அத நாலா மடிச்சு வடி."

"ம்."

"ஒரேயடியாக் கிண்டிராத. ரெண்டு வாளிதான். மெதுவா."

"ம்."

"என்ன, ம் ம்மெண்டே இரிக்க?"

இதுதான் வாசல். அவனே திறந்துவிட்ட வாசல். முஸ்பிறா வாயைத் திறந்தாள். "இறாலுக்கு ஒரு மீச உடைஞ்சிட்டு" என்றாள். அல்லாஹ்வே, இந்த வாயை என்ன செய்வது!

"அது வளரும்" என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

புதன்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கினாள். குழாய், இரண்டு வாளி, பார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சு எல்லாவற்றையும் ஹோலில் பரப்பிவிட்டு அலுமாரியைத் திறந்தாள். கீழ்த் தட்டில், உடுப்புக்கு அடியில், ஒரு சொப்பிங் பையை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதற்குள்தான் நீலக் கட்டச் சாறன். விமானத்துக்குப் போன அன்று விடிய அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனது. அவள் அதைக் கழுவவில்லை. அப்படியே மடித்துப் பைக்குள் போட்டாள். மாதத்துக்கு ஒருதரம், சில மாதம் இரண்டுதரம், முடிச்சை அவிழ்த்து மோந்து பார்ப்பாள். நெடுக அவிழ்த்தால் மணம் போய்விடும் என்று உடனே கட்டிவிடுவாள். இது உம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மருதமுனை சிரிக்கும்.

இதிலா மீன் ஊத்தையை வடிப்பது?

பையை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். அவன் கேட்டால் வடித்தேன் என்று சொல்லிவிடலாம், துணிக்கென்ன பஞ்சமா இந்த வீட்டில்? மேல் தட்டில் இன்னொரு சாறன் இருந்தது. வாப்பா முகம்மது தம்பியின் தறியில் போன மாதம் இறங்கியது. மருமகன் வந்தால் உடுக்கட்டும் என்று அவர் கொடுத்தது. ஊதா நிறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கையில் எடுத்தபோது மொடமொட என்றது. நெருக்கமான நெசவு. ஒரு துகளும் தப்பாது என்று நினைத்தாள். அதை நாலாக மடித்து வாளியின் வாயில் கட்டினாள்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சினாள். கல்லுக்குப் பின்னால் குழாய் நுனி போனதும் கறுத்த மண்டி புகை மாதிரிக் கிளம்பிக் குழாய்க்குள் ஓடியது. பார்க்கப் பார்க்க ஒருவித வெறி வந்தது. சிரிஞ்சால் இடுக்குகளுக்குள் தண்ணீரைப் பீச்சினாள், இன்னும் வந்தது. இவ்வளவு ஊத்தையையும் இந்தச் சின்னக் கல் எங்கே ஒளித்து வைத்திருந்தது? வாளியை வடித்தாள். துணியைப் பிழிந்து ஊற்றினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வடித்தாள். இரண்டு வாளி என்று அவன் சொன்னது ஆறு வாளியாயிற்று. கை வேலை செய்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தாள். அடங்கவில்லை.

பின்னேரம் றிபாஸ் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், பளிங்கு மாதிரி இரிக்கி" என்றான். "எங்கட கம்பனில உன்னச் சேத்துக்கலாம்."

கம்பனி என்ற சொல் வந்ததும் முஸ்பிறா கண்ணாடியில் இல்லாத கறையை விரலால் துடைத்தாள். தொட்டியின் பம்ப் மட்டும் இரைந்தது.

"நாளைக்கு அவங்களுக்குச் சொல்லணும்" என்றான் றிபாஸ்.

"ஓம்" என்றாள் முஸ்பிறா.

"நீ ஒண்டும் சொல்லல்ல."

"நான் என்ன சொல்ற? உங்களுக்கு எது நல்லமோ அதச் செய்ங்க."

"சரி" என்றான். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. போனை வைத்த பிறகு கதிரையைத் தூக்கி அதன் இடத்தில் டக்கென்று போட்டாள். சீனி டின் உருண்டு மூடி கழன்று நிலமெல்லாம் சீனி. அதையும் கூட்டினாள்.

வியாழக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து லைட்டைப் போட்டபோது தொட்டி மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் மூச்சுப் படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தாள். மங்கல் உள்ளே இருந்தது. எட்டு மணிக்குத் தண்ணீர் சோறு வடித்த கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்த கல் தெரியவில்லை. ஒன்பதரைக்குச் சோடி மீன் இரண்டும் மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வாயை வைத்து, அவசர அவசரமாகத் திறந்து திறந்து மூடின. இறால் மணலில் பக்கவாட்டாகக் கிடந்தது. சிரிஞ்சு நுனியால் தொட்டாள். அசையவில்லை.

ஆறு வாளி எடுத்ததாலா? கிண்டியதாலா? ஹோலுக்கும் விறாந்தைக்குமாக நடந்தாள்.

பின் வளவிலிருந்து வந்த ஸுலைஹா விறாந்தைக் கொடியில் எதையோ பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது என்னடி? வாப்பா தந்த புதுச் சாறன் கஞ்சியெல்லாம் கழண்டு வெலவெலண்டு கிடக்கு. எங்க போட்டு அலசின?"

முஸ்பிறா சாறனைப் பார்த்தாள். திரும்பித் தொட்டியைப் பார்த்தாள்.

கஞ்சி! பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வாசத்தில் வளர்ந்தவள் அவள். இழை அறாமல் இருக்கப் போடுகிற கஞ்சி புதுச் சாறனில் அப்படியே இருக்கும், இரண்டு மூன்று தரம் கழுவினால்தான் போகும் என்று நெசவுக்காரர் வீட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கஞ்சியை ஆறு வாளித் தண்ணீரில் அலசி, பிழிந்து, தன் கையால் ஊற்றியிருக்கிறாள். ஊத்தையை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஊத்தையைப் போட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே சாமானை, அவன் முடிவு சொல்லவேண்டிய நாளில், அவளே கொன்றுகொண்டிருக்கிறாள்.

இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவள் காலையில் போன் எடுத்ததில்லை. வேலை நேரம். இன்று யோசிக்காமல் எடுத்தாள். மூன்றாவது மணியில் றிபாஸ் வந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தான், கை நனைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் யாருடையதோ ஒரு பெரிய தொட்டி நீலமாக எரிந்தது.

"என்ன? உம்மாக்கு ஏதுமா?"

"தண்ணி வெளுத்திட்டு. இறால் மௌத்து. மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறக்குதுகள்." போனைச் சீனி டின்னில் சாய்த்தாள்.

றிபாஸ் ஒரு கணம் பார்த்தான். "பம்ப்ப மேல தூக்கு. தண்ணிட மேல் பக்கம் அலையடிக்கணும். ஆ, அப்பிடி. இப்ப ஜக் ஒண்டு எடு. தண்ணிய அள்ளி உசரத்திலேருந்து ஊத்து. உள்ளுக்குக் காத்துப் போகணும். நிப்பாட்டாத."

அள்ளினாள், ஊற்றினாள். தண்ணீர் முகத்திலும் மார்பிலும் தெறித்தது. நிலமெல்லாம் உப்புத் தண்ணீர். ஸுலைஹா நிலம் துடைக்கிற துணியைக் கொண்டுவந்து மகளின் காலடியில் ஒற்றினாள். ஷோகேஸ்காரிக்கும் அந்த நேரம் மீன்தான் பெரிதாகத் தெரிந்தது. துணி நிறைந்ததும் அதைப் பிழிய வெளியே போனாள்.

"என்ன ஊத்தின?" என்று கேட்டான் றிபாஸ்.

"புதுசா ஒண்டும் ஊத்தல்ல. வடிச்சதத்தான் ஊத்தினன்."

"எதில வடிச்ச?"

ஜக்கை உயர்த்தினாள். ஊற்றினாள். "சாறன்ல."

"என்ட சாறன்லயா?"

"வாப்பா தந்த புதுசில."

"புதுசிலயா!" அவன் சத்தம் உயர்ந்தது. "முகம்மது தம்பிட மகளா நீ? கஞ்சி இரிக்குமெண்டு தெரியாதா உனக்கு? நான் சொன்னன்தானே, அலுமாரில என்ட பழசு இரிக்கி, அதில வடியெண்டு."

"சொன்னீங்கதான்."

"அப்ப ஏன்?"

"அது ஊத்தையாப் பெய்த்துரும்."

"ஊத்தைய வடிக்கத்தானே புள்ள பழசு! புதுச் சாறனக் கெடுத்து, தண்ணியக் கெடுத்து... அந்தப் பழந்துணிய என்னத்துக்கு மூடி வெச்சிரிக்க?"

முஸ்பிறா ஜக்கைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்தது, ரோசத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

"அதில உங்கட மணம் இரிக்கி. நீங்க போன அண்டைக்கு அவுத்துப் போட்டது. நான் கழுவல்ல. ரெண்டு வருசமாக் கழுவாமப் பையில கட்டி வெச்சிரிக்கன். அதில போய் மீன் ஊத்தைய வடிக்கச் சொல்றீங்க. எனக்கு ஏலா."

யாரோ அரபியில் அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஜக்க நிப்பாட்டாத" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "ஊத்து. ஊத்திக்கிட்டே போன உன்ட பக்கம் திருப்பு."

"மீன் தெரியாது."

"மீனக் காட்ட வேணாம்."

ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் போனைத் திருப்பினாள். சின்னக் கட்டத்துக்குள் தன் முகத்தையே கண்டாள். முக்காடு நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. இதையா இத்தனை நாள் கழித்துக் காட்டுவது என்று வெட்கமாக இருந்தது. றிபாஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணும் சரியில்லை.

"மெலிஞ்சி பெய்த்த" என்றான்.

"எக்ரிமென்ட் போடாதீங்க" என்றாள். "நான்தான் போகச் சொன்னன். அந்த வாயாலேயே கேக்குறன். வந்துருங்க. இஞ்ச என்ன செய்றண்டு புறகு பாப்பம். குந்திக்கிட்டிருந்தாலும் பறவாயில்ல, என்னோட குந்திக்கிட்டிருங்க."

அரபிக் குரல் இன்னும் கிட்டே வந்தது. றிபாஸ் அந்தப் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னான். பிறகு போனை முகத்தோடு சேர்த்துப் பிடித்தான்.

"அந்தப் பழைய சாறன எடு" என்றான். "இண்டைக்கே கழுவு. ரெண்டு தண்ணில நல்லா அலசு. அதுல வடி, எவ்வளவு வேணுமெண்டாலும் வடி."

"கழுவினா..."

"கழுவு புள்ள. எனக்கு உடுக்க வேணும். எக்ரிமென்ட் முடிஞ்சு நான் வர இன்னும் இருபத்திரெண்டு நாள்தான். மாரி மழ, காய நாள் எடுக்கும்."

ஜக் அவள் கையில் அந்தரத்தில் நின்றது. தண்ணீர் கோடாக வழிந்து முழங்கை வரை வந்தது.

"ஊத்து" என்றான். "நிப்பாட்டாதண்டு எத்தின தரம் சொல்ற!"

ஊற்றினாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, திட்டிக்கொண்டே ஊற்றினாள். மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்கிற நேரம் பெரிய மீன் மேல் விளிம்பை விட்டு ஒரு சாண் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சின்னதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கீழே போனது. தண்ணீர் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. கல் இன்னும் தெரியவில்லை.

ஜக்கை உம்மாவிடம் கொடுத்துவிட்டு அலுமாரிக்குப் போனாள். பையைப் பின் குழாயடிக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். கடைசியாக ஒருதரம் என்று சாறனை முகத்தில் வைத்து இழுத்து மோந்தாள். அந்துருண்டை மணத்தது. அலுமாரிப் பலகை மணத்தது. அவனுடைய மணம் எதுவும் அதில் இல்லை. போன வருடமே தீர்ந்திருக்கவேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாதா மாதம் முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

சாறனை வாளிக்குள் அமுக்கினாள். முதல் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது. அதைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீருக்குக் குழாயைத் திறந்தாள்.